ஜன்னலோர இருக்கையும் தும்பிக்கை வைத்த 'லை'யும்

கேள்வி:

வணக்கம் மேடம். நான் பாளையங்கோட்டையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கிராமம். பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். போன மாதம் கல்லூரியில் மாதிரி நேர்முகத் தேர்வு வைத்தார்கள். பயிற்சி தர வந்தவர் "உன் ஹாபி என்ன?" என்று கேட்டார். எல்லோரும் சொல்வதுபோல "புத்தகம் படிப்பது" என்றேன். "கடைசியாகப் படித்த புத்தகம்?" என்றார். வாயடைத்து நின்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் என்னிடம் எதுவுமே நிலைப்பதில்லை. ப்ளஸ் டூ லீவில் கொரியன் டிராமா பார்த்துப் பத்தே நாளில் அந்த எழுத்தைப் படித்தேன். பேச வரவில்லை, விட்டுவிட்டேன். யூடியூப் பார்த்து எம்பிராய்டரி மூன்று வாரம். ஒரு கைக்குட்டையில் தோழியின் பெயரைப் பின்னி முடித்ததும் நூல் பெட்டியை மூடியாகிவிட்டது. கீபோர்டு கிளாஸ் இரண்டு மாதம். மார்கழியில் மட்டும் சிக்குக் கோலம். வகுப்பில் எல்லோருடைய ரெக்கார்டு நோட்டுக்கும் முதல் பக்கத்தை நான்தான் எழுதிக் கொடுப்பேன், அது ஒரு ஹாபியா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகை, லாரி பின்னால் எழுதியிருப்பது எல்லாவற்றையும் படித்துக்கொண்டே வருவேன். மேலச்செவல் பக்கம் பூட்டிக் கிடக்கிற ஒரு கடையின் பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. அதில் 'லை' மட்டும் யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கும். தினமும் அதைப் பார்க்கவில்லை என்றால் என்னவோபோல இருக்கும். சாயங்காலம் ஆச்சியோடு பல்லாங்குழி. ராத்திரி ஒரு மணி வரை ரீல்ஸ்.

அப்பா வாழை போட்டிருக்கிறார். "உருப்படியா ஒண்ணைப் பிடிச்சுச் செய்யி" என்கிறார். என் தோழிக்கு இன்ஸ்டாவில் பத்தாயிரம் பேர் இருக்கிறார்கள். "உன் கையெழுத்துக்கு நீயும் பேஜ் ஆரம்பி, காசு பார்க்கலாம்" என்கிறாள். எல்லோரும் பேஷன் (passion), பேஷன் என்கிறார்கள். என் பேஷன் எது என்று எனக்குத் தெரியவில்லை. ரீல்ஸில் சொல்வதுபோல எனக்குக் கவனக் குறைபாடு நோய் இருக்குமோ? இன்னொன்று. வகுப்பு அமைதியாக இருக்கும்போது 'இப்போது எழுந்து கத்தினால் என்ன ஆகும்' என்று திடீரென்று தோன்றுகிறது. பஸ் பாலத்தில் போகும்போது கவிழ்ந்தால் என்று ஒரு படம் வந்து போகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் ஏதாவது கோளாறா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணில் பட்டது கவலைதான். இரண்டாம் முறை, எதுவும் நிலைக்கவில்லை என்று நீங்கள் போட்ட பட்டியலைப் பேனாவால் அடிக்கோடிட்டுக்கொண்டே வந்தேன். அடிக்கோடு எல்லாம் ஒரே இடத்தில் போய் விழுந்தது.

கொரிய நாடகம் பார்க்கிற பிள்ளைகள் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். நடிகர் பெயர் தெரிந்திருக்கும், அந்த ஊர் நூடுல்ஸை வாங்கிச் செய்து பார்த்திருப்பார்கள், இரண்டு வாக்கியம் பேசிக் காட்டுவார்கள். நீங்கள் எழுத்தைப் படித்தீர்கள். பேச்சு வராததும் விட்டுவிட்டீர்கள். ஊசி நூல் எடுத்தபோது பூவும் மயிலும் போடாமல் தோழியின் பெயரைப் பின்னினீர்கள், பெயர் முடிந்ததும் ஆர்வமும் முடிந்தது. ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கம், லாரியின் பின்பக்கம், மேலச்செவல் பலகை, கோலத்தில்கூட ஒரே இழையாக வளைந்து வளைந்து தன்னிடமே திரும்பி வரும் சிக்குக் கோலம். இதில் கீபோர்டு ஒன்றுதான் வேறு ஜாதி. அதை விட்டதில் ஒரு நஷ்டமும் இல்லை, நிம்மதியாக விடுங்கள்.

ஏழெட்டு விஷயங்களைத் தொட்டு ஏழெட்டையும் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரே விஷயத்தை, அதாவது கோடு வளைந்து எழுத்தாகும் விதத்தை, ப்ளஸ் டூவிலிருந்து இன்று வரை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு ஒரு பெயர் இல்லாததால், அப்படி ஒன்று இருப்பதே உங்கள் கணக்கில் வரவில்லை.

கொரிய எழுத்தில் நீங்கள் செலவிட்ட அந்தப் பத்து நாளை வீண் என்று தள்ளாதீர்கள். 1446இல் செஜோங் மன்னர் அந்த எழுத்து முறையை வெளியிட்டார். பல மெய்யெழுத்துகளின் வடிவம், அந்த ஒலியைச் சொல்லும்போது வாயும் நாக்கும் தொண்டையும் நிற்கிற நிலையை ஒட்டி அமைந்தது. நம் 'க'வுக்கு நெருங்கிய எழுத்தைப் பாருங்கள். நாக்கின் பின்பகுதி மேலே எழும்பித் தொண்டையை அடைக்கும் கோணம் அப்படியே தெரியும். நீங்கள் பத்து நாளில் பிடித்துக்கொண்டதற்கு உங்கள் கண் ஒரு காரணம், அந்த எழுத்தின் நேர்த்தி இன்னொரு காரணம். அந்தக் கண்தான் பிறகு மேலச்செவலில் 'லை'யைப் பிடித்தது.

இனி அந்தப் பேஷன் விஷயம். இந்தச் சொல் உங்கள் வயதுப் பிள்ளைகளைப் படுத்தும் பாட்டைப் பதினெட்டு வருடமாகக் கல்லூரிகளில் உட்கார்ந்து பார்த்துவருகிறேன். எங்கோ ஓரிடத்தில் உங்களுக்கென்று ஒன்று தயாராகக் காத்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்த நொடியில் எல்லாம் தானாக நடக்கும் என்கிற எண்ணம் அது. இதை 2018இல் பால் ஓ'கீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் என்ற மூன்று உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களுக்குக் கருந்துளை பற்றி எளிமையான, அழகான வீடியோ ஒன்றைக் காட்டினார்கள். எல்லோருக்கும் பிடித்தது. அடுத்து அதே விஷயத்தைப் பற்றிக் கடினமான கட்டுரை ஒன்றைக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது உள்ளே முன்பே இருப்பது, கண்டுபிடிக்க வேண்டியது என்று நம்பியவர்களுக்கு, கட்டுரை கடினமானதும் ஆர்வம் கூடுதலாகச் சரிந்தது. இது நமக்கானது இல்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆர்வம் பழகப் பழக வளர்வது என்று நினைத்தவர்களுக்கு அவ்வளவு சரிவில்லை. கொரியப் பேச்சு கடினமானதும் "எனக்கு இது வராது" என்று நீங்கள் மூடிவைத்தீர்களே, அந்த இடம் இதுதான். பேச்சு வராவிட்டால் போகட்டும். இனி ஒன்று கடினமாகும்போது, பிடிக்காமல் போனதா, கஷ்டமாக இருக்கிறதா என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுசேன் ஹிடி, ஆன் ரெனிங்கர் என்ற இருவர் 2006இல் ஆர்வம் வளர்வதை நான்கு கட்டமாகப் பிரித்துச் சொன்னார்கள். முதல் கட்டம் வெறும் பொறி. கண்ணில் ஒன்று படுகிறது, திரும்பிப் பார்க்கிறோம். இரண்டாவதில் அந்தக் கவனம் கொஞ்ச நாள் நிற்கிறது. மூன்றாவதில் நாமாகவே தேடிப் போய்க் கேள்வி கேட்கத் தொடங்குகிறோம். நான்காவதில் அது நம் ஆளுமையோடு ஒட்டிவிடுகிறது. பெரும்பாலான பொறிகள் முதல் கட்டத்திலேயே அணையும், அணையத்தான் வேண்டும். எல்லாம் பற்றிக்கொண்டால் மனிதர் ஒருவேளைச் சோறு நிம்மதியாகத் தின்ன முடியாது. உங்கள் 'லை' இரண்டாம் கட்டத்தைத் தாண்டும் இடத்தில் நிற்கிறது. தினமும் பார்க்கிறீர்கள், பார்க்காவிட்டால் என்னவோபோல இருக்கிறது. ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று இதுவரை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் உங்கள் வீட்டிலேயே இருந்திருக்கும்.

ஆச்சியிடம் ஒரு தாளைக் கொடுத்து 'மலை', 'பனை', 'நாளை' என்று எழுதச் சொல்லுங்கள். அவர் பழைய நாளில் பள்ளிக்கூடம் போனவராக இருந்தால், அந்தத் தும்பிக்கை அவர் கையிலிருந்து தானாக வரும். தமிழில் ணை, லை, ளை, னை நான்கும் முன்பு அப்படித்தான் எழுதப்பட்டன. மற்ற எழுத்துகளுக்கெல்லாம் முன்னால் தனியாக 'ை' நிற்க, இந்த நான்குக்கு மட்டும் எழுத்தோடு ஒட்டிய ஒரு தும்பிக்கை. ணா, றா, னா மூன்றும்கூடக் கால் போடாமல் கீழே சுழித்த ஒரே எழுத்தாக இருந்தன. பெரியார் 1935இல் தன் குடிஅரசு இதழில் இவற்றை மாற்றி அச்சிடத் தொடங்கினார். 1978இல் தமிழக அரசு அந்தச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. அதற்குப் பிறகு பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்குப் புதிய வடிவம்தான் பழக்கம். ஆகவே மேலச்செவல் பலகை 1978க்கு முன்னால் எழுதியதாக இருக்கலாம். அல்லது ஆணை வந்த பின்னும், படித்த கைப்பழக்கத்தை விடாத ஒரு பெயிண்டர் எழுதியதாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும், பூட்டிய கடையின் வயதைச் சொல்லும் ஒரு சாட்சியைத் தினமும் ஒரு மணி நேரப் பயணத்தில் நீங்கள் தனியாகக் கவனித்துவந்திருக்கிறீர்கள். அந்தப் பஸ்ஸில் வருகிற எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

இன்னும் கேளுங்கள். உங்கள் பஸ் பத்தமடை வழியாகத்தானே வருகிறது? கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர். கல்யாணத்துக்கு நெய்கிற பாயில் மணமகன், மணமகள் பெயரைக் கோரையிலேயே எழுத்தாக நெய்து கொடுப்பார்கள். பேனாவில் வளைகிற எழுத்து, தறியில் எப்படி வளையும்? குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இழைகளில் 'இ'யையும் 'ஐ'யையும் எப்படிக் கொண்டுவருகிறார்கள்? ஒரு சனிக்கிழமை அங்கே இறங்கி, நெய்கிற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். கைக்குட்டையில் பெயர் பின்னிய உங்களுக்கு அந்தச் சிரமம் உடனே பிடிபடும். உங்கள் கேள்வி அவர்களுக்கும் பிடிக்கும்.

சேரன்மகாதேவியில் பக்தவத்சலப் பெருமாள் கோயில் சுவரில் கல்வெட்டுகள் உண்டு. முதல் நாள் ஒன்றும் புரியாது. 'க', 'ட', 'ப' மாதிரி இரண்டு மூன்று எழுத்து மட்டும் தெரிந்த முகமாகத் தட்டுப்படும், கொஞ்ச நேரம் போனதும் இன்னொன்று. நம் பாண்டிய நாட்டில் ஒரு காலத்தில் வட்டெழுத்து என்ற வளைந்த பழைய எழுத்துதான் ஓங்கியிருந்தது. சோழர் ஆட்சி இங்கே வந்த பிறகு இன்றைய தமிழ் எழுத்தின் முன்னோடி அந்த இடத்தைப் பிடித்தது. ஒரு எழுத்து போய் இன்னொன்று வருவது உங்கள் ஆச்சி காலத்தில் மட்டும் நடந்ததில்லை.

ஐராவதம் மகாதேவனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஐ.ஏ.எஸ். அதிகாரி. கோப்புகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில், மலைக்குகைகளில் ஏறிப் பழந்தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்தவர். 1965இல் புகளூர்க் கல்வெட்டில் சேர மன்னர் பெயர்களை அடையாளம் கண்டார். அந்தத் துறையில் அவர் எழுதிய பெரிய நூல் வந்தது 2003இல். நடுவில் எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள். நீங்களும் அவரைப்போல ஆக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பி.காம். படியுங்கள், வங்கியிலோ கம்பெனியிலோ வேலைக்குப் போங்கள், எழுத்தைப் பார்ப்பது அதுபாட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பிடித்தது எல்லாம் பிழைப்பாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அதனால்தான் தோழியின் யோசனையைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள் என்கிறேன். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். எல்லாம் படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகள். சிலரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், தந்தார்கள். சில நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. என்னிடம் வந்த ஒரு மாணவர் பென்சில் ஓவியம் போடுவார். ஆர்டர் எடுக்கத் தொடங்கி ஆறு மாதத்தில், பென்சிலைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது என்றார். எத்தனை பேர் பார்த்தார்கள், ஏன் இவ்வளவு குறைவு, அடுத்தது எப்போது என்ற கணக்கு கையில் ஏறிவிட்டது. உங்கள் தோழி செய்வது தவறில்லை, அவளுக்கு அதில் மகிழ்ச்சி இருக்கலாம். உங்கள் ஆர்வம் இன்னும் நாற்று. ஒரு வருடமாவது அது உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக, இரண்டு மூன்று பேருக்குக் காட்டுவதாக இருக்கட்டும். வகுப்பில் ஒருத்தி "உன் எழுத்து அழகு" என்று தானாகச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். அது எதிர்பாராத பரிசு.

நாற்று நிற்க ஒரு தொட்டி வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பஸ்ஸில் பார்த்த ஒரே ஒரு எழுத்தை, அன்றன்று, பார்த்தபடி வரைந்து, பக்கத்தில் ஊரும் தேதியும் போடுங்கள். போனில் படம் எடுப்பதைவிடக் கையால் வரைவது உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். வரையும்போதுதான் தும்பிக்கை எங்கே தொடங்குகிறது, பெயிண்டர் தூரிகையை எங்கே தூக்கியிருக்கிறார் என்று தெரியும். பலகையின் மூலையில் எழுதியவர் தன் பெயரையோ கடைப் பெயரையோ சின்னதாகப் போட்டிருப்பார், அதையும் பாருங்கள். பிளெக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழிலில் இருந்த பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். உங்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் இன்னும் இருக்கலாம். சாக்பீஸ் தடவிய நூலை இழுத்துத் தட்டிக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள் எழுத்தை நிறுத்துவார்கள். அந்த வேலையைப் பக்கத்தில் நின்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாலு நாள் எழுதாமல் விட்டால் விட்டதுதான். ஐந்தாம் நாள் எழுதுங்கள், விட்ட நாளுக்கு அபராதம் கிடையாது.

நேர்முகத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "புத்தகம் படிப்பது" என்றபோது அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, அடுத்த கேள்வியில் அது வெளியே தெரிந்துவிட்டது. இனி இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வருகிறேன். பழைய கடைப் பலகைகளின் எழுத்தைக் கவனித்து ஒரு நோட்டில் வரைந்து வைக்கிறேன். எழுத்தைப் பார்த்தே அது 1978க்கு முந்தைய பழக்கமா, பிந்தையதா என்று சொல்ல முடியும்." கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். அடுத்த கேள்வி எதுவாக இருந்தாலும் உங்களிடம் பதில் இருக்கும், ஏனென்றால் நீங்கள் நிஜமாகச் செய்வதைச் சொல்கிறீர்கள். ஆங்கிலத்தில் கேட்டால் இதையே ஆங்கிலத்தில் நாலு வாக்கியமாக எழுதி, இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். அன்று பஸ்ஸில் அழுததை நினைத்து வெட்கப்படாதீர்கள். நம்மைப் பற்றி நாமே பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும்போது வரும் அழுகை அது. நேர்மையானவர்களுக்குத்தான் வரும்.

அப்பா விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். வாழைத்தாரைப் பார்த்து, காயின் விளிம்பு மழுங்கியிருப்பதைக் கண்டு, வெட்டலாமா இன்னும் நாலு நாள் விடலாமா என்று அவர் சொல்வாரா, இல்லையா? அந்தக் கண் அவருக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது? தினமும் பார்த்துப் பார்த்து வந்தது. 'உருப்படியாக ஒன்று' என்று அவர் சொல்வதன் பொருளும் அதுவாகத்தான் இருக்கும். அந்த நோட்டு பத்து இருபது பக்கம் நிரம்பியதும் அவரிடம் காட்டுங்கள். அதற்கு முன் வாதாட வேண்டாம்.

ராத்திரி ஒரு மணி வரை ரீல்ஸ் பார்ப்பதை மட்டும் நான் விட்டுவிட மாட்டேன். பஸ்ஸும் வகுப்பும் வீட்டு வேலையும் போக, நாளில் உங்களுக்கென்று மிஞ்சுவது அந்த நேரம் ஒன்றுதான் என்பது புரிகிறது. அதை யாரும் பிடுங்கக் கூடாது. ஆனால் போனைக் கீழே வைக்கும்போது நேற்றுப் பார்த்ததில் ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா? பல்லாங்குழி ஆடி எழுந்தபின் ஆச்சி எந்தக் குழியில் உங்களை ஏமாற்றினார் என்பது ஞாபகம் இருக்கிறதல்லவா? அந்த வித்தியாசத்தை நீங்களே கவனியுங்கள். சார்ஜரை ஆச்சி படுக்கிற அறையிலோ அடுக்களையிலோ வைத்துவிடுங்கள். பதினொரு மணிக்குப் போன் அங்கே போகட்டும். முதல் மூன்று நாள் கை தேடும், பிறகு தூக்கம் வரும். காலையில் ஜன்னலோர இருக்கையில் தூங்கி வழியாமல் பலகை பார்க்கலாம்.

கவனக் குறைபாடு பற்றிய பயத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்தால் யாருக்கும் கவனம் சிதறும். உண்மையான கவனக் குறைபாட்டுக் கோளாறு 19 வயதில் திடீரென்று முளைப்பதில்லை. அதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், படிப்பையோ உறவையோ நிஜமாகப் பாதிக்க வேண்டும். ஆர்வம் மாறுவது மட்டும் அதன் அடையாளம் ஆகாது. கடிதத்தை வைத்து உண்டு, இல்லை என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆறாம் வகுப்பு வரை ஆசிரியர்கள் உங்களைப் பற்றி வீட்டில் என்ன சொன்னார்கள் என்று அம்மாவைக் கேளுங்கள். நினைவில் நிற்கும்படி தொந்தரவு இருந்திருந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஒரு நிமிட ரீல்ஸ் பார்த்து உங்களுக்கு நீங்களே நோய்ப் பெயர் சூட்டிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னீர்கள். நன்றி. அமைதியான வகுப்பில் கத்தினால் என்ன ஆகும், பஸ் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று அழைக்காமல் வந்து போகும் நினைப்பு மனித மனத்தின் அன்றாடம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 13 நாடுகளைச் சேர்ந்த 777 கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். கடந்த மூன்று மாதத்தில் இப்படி வேண்டாத நினைப்பு ஒன்றாவது வந்ததாக ஏறக்குறைய 94 விழுக்காட்டினர் சொன்னார்கள். உங்கள் வகுப்பில் அறுபது பேர் என்றால் ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது தெரிந்த அனுபவமாக இருக்கும். எல்லோரும் உங்களைப்போலவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கத்த வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருப்பதாக இதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலும், கத்தக் கூடாத இடம் என்று மனத்துக்கு நன்றாகத் தெரிந்திருப்பதால்தான் அந்தப் படம் வருகிறது. வந்தால் விரட்டாதீர்கள், விரட்டினால் அதுவே வேலையாகிவிடும். வந்தது, போகட்டும் என்று ஜன்னலுக்கு வெளியே கடந்து போகும் பலகையைப்போல விட்டுவிடுங்கள்.

எப்போது அப்படி விடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நினைப்பு நாளில் மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டால், அதைத் தணிக்க ஏதாவது ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், பயந்து பஸ் ஏறுவதையே தவிர்க்கத் தொடங்கினால், உதவி தேவை. பிடித்த எதுவும் இரண்டு வாரமாகப் பிடிக்கவில்லை, பலகையும் வேண்டாம், பல்லாங்குழியும் வேண்டாம் என்றானாலும் அப்படித்தான். செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் தாமதிக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறிகள் எதையும் நான் பார்க்கவில்லை. ஆனாலும் எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள், வகுப்பில் வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

ஒரு விஷயம் மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். மேலச்செவல் பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது என்றீர்கள், 'லை'க்கு முன்னால் மிஞ்சியிருப்பது என்ன? வெற்றிலைக் கடையா, சேலைக் கடையா, ஏதாவது ஆலையா? படித்ததிலிருந்து எனக்கு அதே யோசனை. ஒரு நாள் அங்கே இறங்கி, எதிரே டீக்கடை இருந்தால் வயதானவர் யாரையாவது கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். கூடவே, ஆச்சி கையால் எழுதிய 'மலை'யையும் அனுப்புங்கள்.